பழைய டெர்மினல் கீபோர்டு: ஒரு மொழிபெயர்ப்புக் கதை

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். கீபோர்டில் 'ஏ' என்று அச்சடித்திருக்கும் விசையை அழுத்தினால் அது கணினிக்கு எதை அனுப்புகிறது?

"இதென்ன கேள்வி, ஏ என்ற எழுத்தைத்தான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் இன்று நம் மேஜையில் இருக்கும் கீபோர்டு எழுத்து எதையும் அனுப்புவதில்லை. "இந்த இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது", "இப்போது விடப்பட்டது" என்று எண்களில் தகவல் மட்டும் சொல்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் ஓடும் மென்பொருள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், நாற்பது வருடத்துக்கு முந்தைய டெர்மினல் கீபோர்டை இன்றைய லேப்டாப்போடு எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். அந்தக் கீபோர்டுகள் ஏன் இன்னும் சாகவில்லை என்பதும் புரியும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம்.

கணினியோடு மனிதன் பேச ஆரம்பத்தில் உதவிய கருவிகளில் முக்கியமானது டெலிபிரின்டர், அதாவது தந்தி அலுவலகத்து டைப்ரைட்டர் இயந்திரம். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 அதில் பிரபலமானது. அதே வருடம் ஆஸ்கி குறியீட்டின் முதல் வடிவமும் வெளியானது. இந்த இயந்திரம் உண்மையாகவே எழுத்தைத்தான் அனுப்பியது. விசையை அழுத்தினால் அந்த எழுத்துக்குரிய ஆஸ்கி எண் கம்பி வழியே போகும். ஷிஃப்ட், கன்ட்ரோல் எல்லாவற்றையும் இயந்திரமே கணக்கில் எடுத்துக்கொண்டு கடைசி விடையை மட்டும் அனுப்பும். லினக்ஸில் டெர்மினல் சாதனங்களுக்கு இன்றும் 'டிடிஒய்' என்று பெயர் இருப்பது டெலிடைப்பின் நினைவாகத்தான்.

காகிதத்துக்குப் பதில் திரை வந்ததும் அதற்கு வீடியோ டெர்மினல் என்று பெயர் வந்தது. 1976இல் லியர் சீக்லர் நிறுவனம் ஏடிஎம்-3ஏ என்ற மலிவு டெர்மினலை விற்றது. உதிரி பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் விலை 995 டாலர். அதில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகளை அச்சடித்திருந்தார்கள். பெர்க்லியில் பில் ஜாய் தன் விஐ எடிட்டரை எழுதியது இந்த டெர்மினலில்தான். அதனால்தான் விஐ எடிட்டரில் இன்றும் அந்த நான்கு விசைகளால் கர்சரை நகர்த்துகிறோம். யூனிக்ஸில் வீட்டு டைரக்டரிக்கு அலைக்குறி ஏன் என்று யோசித்ததுண்டா? அந்த டெர்மினலில் 'ஹோம்' என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன. அவ்வளவுதான் ரகசியம் :-)

ஐபிஎம் போன பாதை வேறு. 1971இல் அறிமுகமான 3270 வகை டெர்மினல்கள் ஒவ்வொரு எழுத்தையும் உடனே கணினிக்கு அனுப்பாது. மெயின்ஃபிரேம் ஒரு படிவத்தைத் திரையில் காட்டும். வங்கி ஊழியரோ விமான டிக்கெட் பதிபவரோ எல்லாக் கட்டங்களையும் நிரப்பி 'என்டர்' தட்டியதும் நிரப்பிய விவரமெல்லாம் மொத்தமாகப் போகும். அந்தப் பதில் வரும்வரை கீபோர்டு பூட்டிக்கொள்ளும். இந்த வேலை முறைக்கென்றே தனி விசைகள் தேவைப்பட்டன. பூட்டை விடுவிக்க 'ரீசெட்', கட்டத்தின் மிச்சத்தை அழிக்க 'எரேஸ் ஈஓஎஃப்', மெயின்ஃபிரேமின் கவனத்தை இழுக்க 'அட்டென்ஷன்', அதோடு பிஎஃப்1 முதல் பிஎஃப்24 வரை இருபத்துநான்கு செயல் விசைகள். இப்படி வளர்ந்து வளர்ந்து 1980களில் 122 விசைகள் கொண்ட ஒரு ராட்சசக் கீபோர்டு உருவானது. மேலே இரண்டு வரிசைச் செயல் விசைகள், இடது ஓரத்தில் பத்து விசைகள் கொண்ட தனிக் கொத்து. மேஜையில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

இன்றும் மக்கள் இதைத் தேடிப் போவதற்கு இன்னொரு காரணம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங். ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் உருவாக்கிய அமைப்பு இது. காப்புரிமை கிடைத்தது 1978இல். விசையை அழுத்தும்போது ஸ்பிரிங் கொஞ்ச தூரம் சுருங்கி, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். அந்த மடக்கம் கீழே இருக்கும் சின்னத் தகட்டைத் தட்டும். 'க்ளிக்' என்ற ஓசை, விரலில் தெரியும் உணர்வு, மின்சாரத் தொடர்பு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். 'மாடல் எஃப்' வகையில் இந்தத் தகடு மின்தேக்கத்தின் அளவை மாற்றும். 1985இல் வந்த 'மாடல் எம்' வகையில் அது பிளாஸ்டிக் மெம்பிரேனை அழுத்தும். பல கீபோர்டுகளில் நாற்பது வருடம் ஆகியும் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போவது வேறு பாகங்கள். மாடல் எஃப்பில் தகடுகளுக்கு நடுவே இருக்கும் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். மாடல் எம்மில் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் ஒவ்வொன்றாக உடையும். இரண்டையும் சரிசெய்ய முடியும்.

சரி, இவ்வளவு நல்ல கீபோர்டு ஏன் குப்பைக்குப் போகிறது? தேய்ந்துபோனதால் இல்லை. அது பேசும் மொழி புதிய கணினிக்குப் புரியவில்லை என்பதால்தான்.

மொழி என்று சொல்வது வெறும் உவமை இல்லை. 'ஏ' விசையையே எடுத்துக்கொள்வோம். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் கீபோர்டில் அதன் எண் 30. விரலை எடுத்தால் 128 கூட்டி 158 என்று அனுப்பும். 1984இல் ஐபிஎம் பிசி/ஏடி வந்தது. அதில் 'ஏ' விசையின் எண் 28. விரலை எடுத்தால் முதலில் 240, பிறகு 28. 1996இல் பிறந்த யூஎஸ்பியில் அதே விசைக்கு எண் 4. ஒரே விசைக்குப் பதினைந்தே வருடத்தில் மூன்று பெயர்.

இந்த எண் பட்டியல்களுக்கு 'ஸ்கேன் கோடு செட்' என்று பெயர். முதல் பிசியுடையது செட் 1. ஏடியுடையது செட் 2. டெர்மினல் கீபோர்டுகள் பேசுவது செட் 3.

செட் 2க்கும் செட் 3க்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு சுவாரசியமான விஷயம் தெரிகிறது. ஏடியின் 84 விசைக் கீபோர்டில் 'ஏ'வுக்கு இடது பக்கம் கன்ட்ரோல் விசை இருந்தது, எண் 20. இடது கீழ் மூலையில் ஆல்ட், எண் 17. வலது கீழே கேப்ஸ் லாக், எண் 88. பிறகு மாடல் எம் வந்தபோது விசைகள் இடம் மாறின. கேப்ஸ் லாக் 'ஏ'வுக்குப் பக்கத்தில் ஏறியது, கன்ட்ரோல் கீழ் மூலைக்கு இறங்கியது. இப்போது எண் யாரோடு போக வேண்டும்? செட் 2இல் எண் விசையின் பெயரோடு போனது. கன்ட்ரோல் எங்கே இருந்தாலும் 20தான். செட் 3இல் எண் இடத்தோடு தங்கிவிட்டது. 'ஏ'வுக்கு இடது பக்கம் யார் குடியிருந்தாலும் 20தான். வீடு மாறினால் கதவு எண்ணையும் கழற்றிக்கொண்டு போவது செட் 2. கதவு எண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது செட் 3.

இதன் விளைவைப் பாருங்கள். 122 விசை டெர்மினல் கீபோர்டின் கம்பிகளை நேராக ஒரு சாதாரணப் பிசியில் இணைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மின் அளவு ஒன்றேதான், 5 வோல்ட். கம்பிகளும் அதே நான்குதான்: மின்சாரம், கிரவுண்ட், கிளாக், டேட்டா. ஒவ்வொரு எண்ணும் பதினொரு பிட்டாகப் போவதும் அப்படியே. எழுத்து விசைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு செட்டிலும் ஒரே எண் என்பதால் தட்டினால் எழுத்துகள் சரியாகவே வரும். அப்பாடா என்று நினைத்து எஃப்1 அழுத்தினால் கணினி எஃப்12 என்று எடுத்துக்கொள்ளும். செட் 3இல் எஃப்1க்கு எண் 7. செட் 2இல் 7 என்றால் எஃப்12. கேப்ஸ் லாக் அழுத்தினால் கன்ட்ரோல் ஆகும். இடது மூலை 'ரீசெட்' ஆல்ட் ஆகும். வலது கீழ் 'என்டர்' கேப்ஸ் லாக் ஆகும். சொற்கள் பாதி ஒன்றாக இருந்து அர்த்தம் மட்டும் மாறிப்போன இரண்டு மொழிக்காரர்கள் பேசிக்கொள்வது போலத்தான்!

இன்னொரு சிக்கலும் உண்டு. செட் 3இல் எழுத்து விசைகள், நாமாகக் கேட்காவிட்டால், விரலை எடுத்ததைச் சொல்லவே சொல்லாது. படிவம் நிரப்பும் டெர்மினலுக்கு எழுத்து அழுத்தப்பட்டது தெரிந்தால் போதும், விட்டது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இன்றைய கணினிக்கு அது போதாது. விட்ட செய்தி வராவிட்டால் விசை இன்னும் அழுந்தியே இருப்பதாக நினைத்து 'ஏஏஏஏஏ' என்று ஓட ஆரம்பித்துவிடும்.

ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கடைகளில் கிடைக்கும் பிஎஸ்/2-யூஎஸ்பி குட்டி அடாப்டர் இந்த வேலைக்கு உதவாது. அதற்குள் கம்பிகள் மட்டும்தான். இரண்டு மொழியும் ஏற்கெனவே தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது பயன்படும். நமக்கு வேண்டியது யோசிக்கத் தெரிந்த ஒரு சிப். பெரும்பாலும் பயன்படுத்துவது ஏடிமெகா32யூ4 என்ற மைக்ரோகன்ட்ரோலர். யூஎஸ்பி பேசும் திறமை அதற்குள்ளேயே இருக்கிறது. டீன்ஸி 2.0, ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற போர்டுகளில் இருப்பது இதுதான். அதில் ஏற்றிக்கொள்ள டிஎம்கே, கியூஎம்கே போன்ற திறமூல ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன.

வேலை நடக்கும் வரிசை இது. முதலில் பிளக்கைப் பார்க்க வேண்டும். மாடல் எஃப் டெர்மினல் கீபோர்டில் ஐந்து முள் கொண்ட வட்ட பிளக் இருக்கும். ஏடியிலும் ஐந்து முள்தான், ஆனால் இதில் முட்கள் இன்னும் அகன்ற வளைவில் நிற்பதால் அதில் நுழையாது. மாடல் எம் டெர்மினல் வகைகள் பலவற்றில் நெட்வொர்க் கேபிளில் இருப்பது போன்ற பிளக் இருக்கும். பார்க்க அப்படி இருக்கிறதே என்று லேன் போர்ட்டில் செருகிவிடக் கூடாது. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து எந்த முள் கிரவுண்ட், எந்த முள் 5 வோல்ட் என்று உறுதி செய்துகொள்வது உத்தமம். மாற்றி இணைத்தால் கீபோர்டில் இருக்கும் பழைய சிப் போய்விடும். அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

மின்சாரம் வந்ததும் கீபோர்டு தன்னைத்தானே சோதித்துக்கொண்டு 170 என்று அனுப்பும். "நான் நலம்" என்று அர்த்தம். கன்வெர்ட்டர் 242 அனுப்பி "நீ யார்?" என்று கேட்கும். சாதாரணப் பிசி கீபோர்டு என்றால் 171, 131 என்று பதில் வரும். 191 என்று ஆரம்பித்தால் டெர்மினல் கீபோர்டு. உடனே கன்வெர்ட்டர் 248 அனுப்பும். "எல்லா விசைகளும் அழுத்தினாலும் சொல்ல வேண்டும், விட்டாலும் சொல்ல வேண்டும்" என்ற கட்டளை அது. அதன் பிறகு வேலை சுலபம். அந்தப் பக்கம் 28 வந்தால் இந்தப் பக்கம் 4. அந்தப் பக்கம் 7 வந்தால் இந்தப் பக்கம் எஃப்1க்கான 58. இடது ஓரத்தில் இருக்கும் பத்து விசைகளுக்கு காப்பி, பேஸ்ட், அன்டூ என்று நமக்குப் பிடித்ததைக் கொடுத்துக்கொள்ளலாம். 3270 முன் உட்கார்ந்திருந்தவர் மெயின்ஃபிரேமைக் கூப்பிட்ட விசை இப்போது நமக்குக் காப்பி எடுத்துக் கொடுக்கும்.

எல்லாக் கீபோர்டும் இவ்வளவு நெருங்கிய உறவு இல்லை. டெக் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் விடி220 டெர்மினலோடு கொடுத்த எல்கே201 கீபோர்டு வேறு குடும்பம். தலைகீழ் 'டி' வடிவில் அம்புக்குறி விசைகளை வைத்து அதைப் பிரபலமாக்கியது அதுதான். ஐபிஎம்மின் மாடல் எம்மும் பிறகு அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த எல்கே201 கேட்பது 12 வோல்ட். பேசுவது நொடிக்கு 4800 பிட் வேகத்தில் சீரியல் மொழி. அதற்குக் கன்வெர்ட்டர் செய்பவர்கள் மின் அளவை மாற்றித் தரும் ஒரு சிப்பையும் நடுவில் சேர்க்க வேண்டும். எல்கே வகைக் கீபோர்டை நேராகச் சீரியல் போர்ட்டில் இணைத்துப் பயன்படுத்த லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவரே இருக்கிறது.

இன்னும் பழைய, ஆஸ்கி எழுத்தையே அனுப்பும் கீபோர்டுகள்தான் ரொம்பவும் சிரமம். அவை விடையை மட்டும் சொல்லும், கணக்கைக் காட்டாது. பெரிய 'ஏ' வந்தால் ஷிஃப்ட் அழுந்தியிருந்தது என்று கன்வெர்ட்டர் ஊகித்துக்கொள்ள வேண்டும். விரலை எப்போது எடுத்தோம் என்பது தெரியவே தெரியாது. ஆல்ட் போன்ற புது விசைகளுக்கு அங்கே இடமே இல்லை. எழுத்தைச் சொல்வதைவிட இடத்தைச் சொல்வது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது இங்கேதான் தெரிகிறது.

இதன் பலன் நம் தமிழுக்கும் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனக' அடித்துப் பழகியவருக்கு யூஎஸ்பி எண் 4 என்பது 'ய'. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் அதே 4 என்பது 'அ'. கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இடம் மட்டும் தெரியும். கன்வெர்ட்டர் வழியாக இணைத்துவிட்டால், மெயின்ஃபிரேமுக்காகச் செய்த 122 விசைக் கீபோர்டில் ஒரு விசையைக்கூட மாற்றாமல் தமிழ் தட்டலாம்.

பழைய டெர்மினல் முழுசாகப் போய்விடவில்லை என்பதற்கும் அடையாளங்கள் இருக்கின்றன. யூஎஸ்பி பட்டியலில் எஃப்13 முதல் எஃப்24 வரை 104 முதல் 115 வரை எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த விசைகளைப் பார்த்ததே இல்லை. விண்டோஸின் விசைப் பட்டியலிலும் 'அட்டென்ஷன்', 'எரேஸ் ஈஓஎஃப்', 'பிஏ1' எல்லாம் இன்னும் குடியிருக்கின்றன. பிரின்ட் ஸ்கிரீன் விசையில் சின்னதாக 'சிஸ் ரெக்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 1984இல் ஏடி கீபோர்டில் வந்து சேர்ந்த மெயின்ஃபிரேம் டெர்மினல் விசை. லினக்ஸின் பிஎஸ்/2 கீபோர்டு டிரைவரில் 'டெர்மினல்' என்றே ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் அந்த 248 கட்டளையைக் கெர்னலே அனுப்பிவிடும். ஆனால் அதற்குப் பிஎஸ்/2 போர்ட் இருக்க வேண்டும், லேப்டாப்பில் எங்கே போவது?

இவ்வளவும் சாத்தியமானது எதனால்? சிப்பும் ஃபர்ம்வேரும் பிறகு வந்த விஷயங்கள். முதல் காரணம், கீபோர்டு பேசும் மொழியை எழுதி வைத்திருந்தார்கள். ஐபிஎம் தன் பிசிக்களுக்கு டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் என்று தடிமனான புத்தகங்கள் வெளியிட்டது. விசை எண்கள், கட்டளைகள், சிக்னல்கள் எல்லாம் அச்சில் இருந்தன. டெக்கும் அப்படித்தான். எல்கே201 கீபோர்டின் பேச்சு வழக்கை அதன் கையேடுகளில் படிக்கலாம். நாற்பது வருடம் கழித்து யாரோ ஒரு மாணவர் தன் அறையில் உட்கார்ந்து கன்வெர்ட்டர் செய்வார் என்று நினைத்து அவர்கள் எழுதவில்லை. அன்றைய ரிப்பேர்காரருக்காகவும் நிரலருக்காகவும் எழுதினார்கள். அது இன்றைக்கும் உதவுகிறது.

காசுக்கணக்கு பார்த்தால் இது லாபமா என்று கேட்கலாம். இல்லை. புது மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் நம் வீட்டில் இருக்கும் பொருள்களை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். மூடிய ஆப் இருந்தால்தான் எரியும் விளக்கு, கம்பெனியின் சர்வர் இருந்தால்தான் திறக்கும் கேமரா. அவற்றின் மொழியை யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கம்பெனி சர்வரை நிறுத்தும் நாளில், உள்ளே எல்லாப் பாகமும் நன்றாக இருக்கும்போதே அவை ஊமையாகிவிடும். ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும் கொண்ட 1980களின் கீபோர்டு அவற்றைவிட அதிக நாள் உழைக்கப்போகிறது. காரணம் அதன் உறுதி மட்டும் இல்லை. அதன் அகராதி அச்சில் இருக்கிறது.

அடுத்த தடவை ஏதாவது ஒரு கருவி வாங்கும்போது வாட்ஸ், ஜிபி எல்லாம் விசாரித்த பிறகு இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: "இது என்ன மொழி பேசுகிறது, அதை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?" கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை :-)